கோச்சியில் போன சதைத்துண்டு

என் முதல் பிள்ளை வயிறு ஊதிச் செத்தது. ஆண் பிள்ளை. மாந்தம் என்றார்கள். பரியாரியார் குளிகை உரைத்துத் தந்தார். வயிற்றில் எண்ணெய் பூசினோம். கோயிலில் நூல் கட்டினோம். குடித்த பாலையெல்லாம் பச்சையாகச் சத்தி எடுத்து எடுத்து, ஒரு பகல் நேரம் என் மடியிலேயே அடங்கிப்போனது. முப்பத்தோராம் நாள் கழியாதபடியால் பெயரும் வைத்திருக்கவில்லை.

சில வருசம் கழித்து அடுத்தவன் பிறந்தான். அவனும் ஆண். இதில் எழுதுவது அவனைப் பற்றி.

எங்கள் வீடு மூதூரிலிருந்து உள்ளே, வயல் ஓரம். என் மனுசன் கூலிக்கு வயல் வெட்டுவார், சூடு மிதித்து நெல் பிரிப்பார். வேலை உள்ள மாதங்களில் வயலிலேயே கிடப்பார். ஊரெல்லாம் பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது. எங்களுக்குப் பாண் பழக்கமில்லை. நெல் கிடைத்தால் சோறு, இல்லாவிட்டால் கிழங்கு.

மருத்துவிச்சி வீட்டுக்கு வந்து பிள்ளையை எடுத்தாள். அழுதான். பால் குடித்தான். மலம் மட்டும் போகவில்லை. இரண்டு நாள் பார்த்தோம். பிறகு என் மச்சாள், மனுசனின் தமக்கை, ஒரு வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைத்தார். கறுப்பாகச் சீறிக்கொண்டு வந்தது. மச்சாளின் சீலையில் அடித்தது.

"கள்ளன், மாமிக்கெல்லோ முதல் வரிசை வைச்சிட்டான்," என்று மச்சாள் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதன் பிறகு எப்போதும் காம்புதான். பிள்ளைக்கு மலம் இறுகினால் காம்பு வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிறது. அதை வைத்தியம் என்று ஒருவரும் நினைப்பதில்லை. பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவதை யாரும் வைத்தியம் என்று சொல்வார்களா?

இரண்டு மாதம் கழிந்தபோது வயிறு ஊதத் தொடங்கியது. தோல் மினுங்கியது. கையால் தட்டினால் பறை மாதிரிச் சத்தம் கேட்டது. கையும் காலும் குச்சியாகிவிட்டன. ஒருநாள் காலை பால் குடித்த கையோடு சத்தி எடுத்தான். பச்சை.

அந்த நிறம் எனக்குத் தெரியும்.

மனுசன் களத்தில் நின்றார். ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "பரியாரியாரிட்டை ஒருக்கா..." என்று தொடங்கினார்.

"லோஞ்சுக்கு நேரமாகுது," என்றேன்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லோஞ்சில் குடாவைக் கடக்கவேண்டும். அன்று அலை இருந்தது. மற்றப் பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சத்தி எடுத்தார்கள். என் பிள்ளையும் எடுத்தான். ஒருவரும் வித்தியாசம் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மனுசன் பின்னேர லோஞ்சில் திரும்பினார். வெட்டின நெல் சூடு வைத்தபடி கிடக்கிறது, மழை வந்தால் எல்லாம் போச்சு. ஒரு துவாயும் தண்ணீர் குடிக்க ஒரு பேணியும் என்னிடம் தந்தார். பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தார். போய்விட்டார்.

முதலில் பார்த்தவர் ஓர் இளம் டொக்டர். கேள்வி கேட்டு எழுதினார்.

"பால் குடிக்கிறவனோ?"

"ஓம்."

"மலம் தானாப் போறவனோ?"

"ஓம், போறவன்."

நான் பொய் சொல்லவில்லை. காம்பு வைத்தால் போகிறான். எங்கள் கணக்கில் அது தானாகப் போவதுதான். அவர் அதை எழுதிக்கொண்டார். பால் செமிக்கவில்லை என்று மருந்து தந்தார்கள். சேலைன் ஏற்றினார்கள். சத்தி நின்றது. வயிறு அப்படியே இருந்தது. இரண்டொரு நாளில் வீட்டுக்கு விடலாம் என்று கதைத்தார்கள்.

மலம் போகவில்லை. காம்புக்கு எங்கே போவது? பக்கத்துக் கட்டிலில் கிண்ணியா முஸ்லிம் பெண் ஒருத்தி இருந்தார். என்னைவிட மூத்தவர். அவரின் மகளுக்குக் கொதிகஞ்சி ஊற்றிக் கால் வெந்துவிட்டது. அவரை நான் ராத்தா என்று கூப்பிட்டேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ராத்தா தாதி மிஸிமாருக்குத் தெரியாமல் வெற்றிலை போடுவார். காம்பைக் கிள்ளிக் கட்டிலின் கீழே எறிவார்.

"ராத்தா, அந்தக் காம்பைத் தாறீங்களோ?" என்று கேட்டேன்.

"வெத்தில வேணாமா?"

"வேண்டாம். காம்பு மட்டும்."

"என்ன புள்ள நீ, ஆட்டுக்குட்டியா?"

"எனக்கில்லை. பிள்ளைக்கு."

"அட, அதுக்கா! எங்கட ஊட்லயும் அப்பிடித்தான். இந்தா, கீழ கிடந்தத எடுக்காத, புதுசாத் தாறன். நல்ல நீளமாப் பாத்து எடு." பிறகு தன் மகளிடம், "உனக்கும் வெச்சனான், ஞாபகமிரிக்கா?" என்று கேட்டார். அந்தச் சிறுமி வெட்கப்பட்டுப் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டது.

அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

எண்ணெய்க்குப் பதிலாகச் சவர்க்காரத்தில் தோய்த்து வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போது மிஸி கண்டுவிட்டார்.

"என்ன செய்யிறீர்? இது ஆஸ்பத்திரியோ, உம்மட வீட்டுக் கோடிப்புறமோ?"

கையிலிருந்த காம்பைப் பறித்தார். அந்த நேரம் பெரிய டொக்டர் இளம் டொக்டரோடு வாட்டுக்குள் வந்தார். அவர் சத்திரசிகிச்சை செய்கிறவர், யாழ்ப்பாணத்து ஆள், தலை நரைத்தவர். மிஸி காம்பைத் தூக்கிக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ டொக்டர், இவையின்ர வைத்தியத்தை."

பெரிய டொக்டர் காம்பைப் பார்த்தார். "என்ர அம்மாவும் எனக்கு வைச்சவ, மிஸி. நான் இன்னும் சாகேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லை.

"எப்ப இருந்து வைக்கிறனீங்கள்?"

"பிறந்ததிலை இருந்து."

"வைக்காமல் ஒருநாளாவது போனவனோ?"

யோசித்தேன். "இல்லை, ஐயா."

"அப்ப ஏன் தானாப் போறவன் எண்டு சொன்னனீங்கள்?"

"காம்பு வைச்சாத் தானாத்தானே போறவன்."

இளம் டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் கையுறை கேட்டார். பிள்ளையைச் சரித்துப் படுக்க வைத்து விரலை விட்டுப் பார்த்தார். விரலை எடுத்ததும் சீறிக்கொண்டு வந்தது. அவரின் வெள்ளைச் சட்டையில், காற்சட்டையில், நிலத்தில். வாட்டு முழுக்க நாற்றம். அவர் அசையவில்லை. வயிறு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீட்டை விடவேண்டாம்," என்றார்.

அடுத்த நாள் வெள்ளை மருந்து ஏற்றி எக்ஸ்றே படம் பிடித்தார்கள். பின்னேரம் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். டொக்டர் ஒருவருக்கு முன்னால் நான் கதிரையில் இருந்தது அதுதான் முதல்தரம். நுனியில் இருந்தேன்.

"குடல் தானா நெரிச்சு நெரிச்சுத்தான் மலத்தைக் கீழை தள்ளும். அதுக்கு நரம்பு வேணும். நரம்பிலை சின்னச் சின்ன முடிச்சு இருக்கும், வலையிலை முடிச்சு இருக்கிற மாதிரி. சில பிள்ளையளுக்குக் கீழ்க்குடலிலை அந்த முடிச்சு இல்லாமல் பிறக்கும். இவனுக்கும் அப்பிடியோ எண்டு யோசிக்கிறன்."

"படத்திலை தெரியேல்லையோ?"

"படத்தை வைச்சுச் சந்தேகப்படலாம். வெட்டேலாது. குடலிலை ஒரு துண்டு எடுத்துக் கண்ணாடியிலை வைச்சுப் பாத்தால்தான் நிச்சயம்."

"முடிச்சு இல்லையெண்டா?"

"வழி இருக்கு. இல்லையெண்டு தெரிஞ்சால்தான் வழி."

"தெரியாட்டில்?"

அவர் நேரே பார்த்தார். "இப்பிடியே ஊதி ஊதி ஒருநாள் குடல் அழுகும். பிறகு ஏலாது."

முதல் பிள்ளையைப் பற்றி அப்போது நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

துண்டு எடுத்த அன்று கதவுக்கு வெளியே நின்றேன். பிள்ளை அதிகம் அழவில்லை. அந்த இடத்தில் நோவு தெரியாதாம். ஒரு சின்னப் போத்தலில் போட்டு வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணைக் குத்துகிற மணம் உள்ள மருந்துத் தண்ணீர். அதற்குள் வெள்ளையாக, குறுணி அரிசி அளவில் ஒன்று மிதந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

போத்தலை ரயில் ஸ்ரேசனுக்குக் கொண்டுபோகிற ஆள் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை செய்கிறவர். அவர் சொன்னார்: "பயப்பிடாதையுங்கோ அக்கா. உங்கட மகன் இண்டைக்குக் கோச்சியிலை கொழும்புக்குப் போறான். ரிக்கெற்றும் இல்லை."

கொழும்பில்தான் அதைச் சீவிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற டொக்டர் இருந்தார். நான் கொழும்பு கண்டதில்லை. மனுசனும் கண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் போனது அந்தத் துண்டுதான்.

பிறகு காத்திருப்பு.

காம்பு வைக்க விடவில்லை. றப்பர்க் குழாயால் உப்புத் தண்ணீர் ஏற்றிக் கழுவச் சொன்னார்கள். என்னை ஏசின அதே மிஸிதான் காட்டித் தந்தார். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கவேண்டும். குழாயில் எண்ணெய் பூசவேண்டும். உள்ளே போன தண்ணீர் அவ்வளவும் வெளியே வந்ததா என்று பார்க்கவேண்டும். விடியவும் பின்னேரமும் செய்தேன். கழுவியதும் வயிறு இறங்கும், அவன் பால் குடிப்பான், என் விரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையாவான். அடுத்த நேரத்துக்குள் திரும்ப ஊதிவிடும்.

நாற்றம் என்னிலும் ஏறிவிட்டது. எவ்வளவு தோய்ந்தாலும் போகவில்லை. ராத்தா இருந்தவரை பரவாயில்லை. "எல்லாருட வயித்துக்குள்ளயும் இதுதான் புள்ள இரிக்கி, பணக்காரனுக்கு மட்டும் பன்னீரா?" என்று சத்தமாகச் சொல்லுவார், மற்றவர்களுக்குக் கேட்க. மகளின் கால் ஆறியதும் அவர் போய்விட்டார். கிண்ணியாப் பாதையடியில் தன் வீடு, வந்தால் கட்டாயம் வரவேண்டும் என்று சொன்னார். நான் பிறகு போகவில்லை.

அந்தக் கட்டிலுக்கு வந்தவள் லிங்கநகர்ப் பெண். வயதில் என் அளவுதான். முதல் நாளே மூக்கைச் சுளித்தாள். மறுநாள் மிஸியிடம் கேட்டு யன்னல் பக்கம் மாறிப்போனாள். ஆளில் பிழை இல்லை. அவளின் பிள்ளைக்குக் காய்ச்சல், காற்று வேண்டும். அந்தக் கட்டில் பிறகு வெறுமையாகக் கிடந்தது. பார்க்க வருகிற சனம் அதில் பைகளை வைக்கும்.

பார்க்க வருகிற நேரத்துக்கு மணி அடிக்கும். எல்லாக் கட்டிலையும் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். தோடம்பழம், பிஸ்கட், சுடுதண்ணிப் போத்தல். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க விறாந்தைக்குப் போய்விடுவேன். அங்கிருந்து கடல் தெரியும். மூதூர் லோஞ்ச் வருவதும் போவதும் தெரியும். அக்கரை ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் எங்கேயோ களம், எங்கேயோ மனுசன். லோஞ்ச் வரும்போது பார்ப்பேன். ஜெற்றியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்துவர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். அந்த நேரம் கழிந்ததும் உள்ளே வந்துவிடுவேன்.

கதைக்க ஆள் இல்லாமல் நாட்கள் போயின. மிஸி கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான். ஒருநாள் பிள்ளைக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். குரல் கரகரத்தது. அவன் பயந்து அழுதான். அதன் பிறகு, வேலை செய்யும்போது அவனுக்குச் சத்தமாகச் சொல்லிச் செய்தேன். இப்ப தண்ணி. இப்ப எண்ணெய். இப்ப குழாய். முடிஞ்சுது.

கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. பெரிய டொக்டர் தானே கட்டிலுக்கு வந்து சொன்னார்.

"முடிச்சு ஒண்டும் காணேல்லையாம். ஆனா அதை நம்பேலாது."

எனக்கு விளங்கவில்லை. "இல்லையெண்டா இல்லைத்தானே, ஐயா?"

"துண்டு மெல்லிசாப் போச்சு. மேல்தோல் மட்டும்தான் வந்திருக்கு. முடிச்சு இருக்கிறது அதுக்குக் கீழை. கிணறு முழங்கால் ஆழம் வெட்டிப்போட்டுத் தண்ணி இல்லை எண்டு சொல்லலாமோ?"

"ஏலாது."

"அதுதான். திரும்ப எடுக்கவேணும். இந்த முறை மயக்கம் குடுத்து, ஆழமா, தசை வரைக்கும்."

"அதிலை ஆபத்து இருக்கோ?"

"இருக்கு. இரத்தம் போகலாம். குடல் பொத்தலாகலாம். பிள்ளையும் மெலிஞ்சு போனான். யோசிச்சுச் சொல்லுங்கோ. தகப்பனிட்டையும் கேளுங்கோ."

மூதூர்ப் பக்கம் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். இரண்டாம் நாள் மனுசன் வந்தார். சட்டையில் வைக்கோல் தூசு. விறாந்தையில் நின்று கதைத்தோம்.

"சாமானை எடு," என்றார். "வீட்டை போவம்."

"ஏன்?"

"ஒருக்கா வெட்டி ஒண்டும் தெரியேல்லையாம். திரும்ப வெட்டப் போயினமாம். இது என்ன, கருவாடோ துண்டு துண்டா வெட்ட?"

"முதல் எடுத்தது ஆழம் போதாது."

"காம்பு வைச்சால் போறான்தானே. ஊரிலை எத்தினை பிள்ளையள் அப்பிடி வளந்தது? அக்காவும் அதைத்தான் சொல்லுறா."

"வயித்தைப் பாருங்கோ."

பார்த்தார். தொடவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "சாகிறதெண்டாலும் முழுசாச் சாகட்டும். வெட்டுக் காயத்தோட என்னாலை கிடங்கிலை தாக்கேலாது."

அவரை நான் குறை சொல்லவில்லை. மூத்ததைப் புதைத்தவர் அவர்தான். தன் கையால் கிடங்கு வெட்டினவர். புதைப்பது என்றால் என்ன என்று எனக்கு அவ்வளவு தெரியாது. நான் வீட்டுக்குள் இருந்தேன்.

"முழுசா ஒண்டு போனது போதும்," என்றேன்.

"அப்ப நீயே பார்," என்றார். நடந்தார். படியில் இறங்கும்போது செருப்பு கழன்றது. குனிந்து கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனார். அன்றைய பின்னேர லோஞ்ச் போனபோது நான் விறாந்தைக்குப் போகவில்லை. குழாயால் கழுவுகிற நேரம்.

பெரிய டொக்டரிடம், "எடுங்கோ," என்றேன்.

"தகப்பன்?"

"வயலிலை வேலை."

தாளில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். என் பெயரை எழுதி நீண்ட காலம். ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். பிறகு மேலே சேர்த்தேன்.

ஒப்பரேசன் தியேட்டருக்கு மிஸி தூக்கிப்போனார். நான் வாசலில் இருந்தேன். மற்றத் தாய்மாருக்கு இப்படியான நேரத்தில் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். தண்ணீர் வாங்கித் தருவார்கள், ஒன்றுமில்லை என்பார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு வாளி இருந்தது. கதவு திறக்கும் போதெல்லாம் எழும்பினேன். வேறு வேறு ஆட்கள் வெளியே வந்தார்கள்.

கொண்டுவந்தபோது வெள்ளையாக இருந்தான். துணியில் இரத்தம். பின்னேரம் வரை கசிந்தது. மிஸி வந்து வந்து பார்த்தார். பஞ்சு மாற்றினார். கடைசியில் நின்றது. இந்த முறை போத்தலை நான் பார்க்கவில்லை. கோச்சிக்குப் போய்விட்டது என்று அந்த எடுபிடி ஆள் சொன்னார். பகிடி விடவில்லை.

மறுமொழி வருவதற்குள் இன்னொரு தரம் பச்சையாகச் சத்தி எடுத்தான். காய்ச்சலும் வந்தது. ஊசி போட்டார்கள். நான் குழாயை இன்னும் கூடுதலாகப் பாவித்தேன். மனுசன் வரவில்லை. ஒருவரும் வரவில்லை.

ஒருநாள் காலை பெரிய டொக்டர் நேரே என் கட்டிலுக்கு வந்தார்.

"வந்திட்டுது. இந்த முறை தசை வரைக்கும் வடிவா எடுத்திருக்கு. முழுத் துண்டையும் சீவிப் பாத்திருக்கினம். முடிச்சு ஒண்டுகூட இல்லை. இனி நம்பலாம்."

"இல்லை," என்றேன் நானும்.

"ஓம், இல்லை. கீழ்க்குடல் கொஞ்சத் தூரத்துக்கு நரம்பு இல்லாமல் இறுகிக் கிடக்கு. மேலை இருந்து வாறது தாண்டாது. காம்பு, குழாய் எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். இப்ப வயித்திலை ஒரு வாசல் வைப்பம். அதாலை மலம் போகும். பிள்ளை தேறும். நடக்கிற வயசிலை கொழும்பிலை அந்தப் பழுதான துண்டை வெட்டி எடுத்துப்போட்டு, நல்ல குடலை இழுத்துக் கீழை தைப்பினம்."

பிறகு அப்படியே நடந்தது. அவன் இப்போது துறைமுகத்தில் வேலை செய்கிறான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது ஒன்றும் தெரியாது.

"ஐயா," என்றேன். "எனக்கு முதல் ஒண்டு செத்தது. இதே மாதிரி வயிறு ஊதி."

அவர் கட்டிலின் ஓரத்தில் இருந்தார். "ஆணோ?"

"ஓம்."

"சில குடும்பத்திலை திரும்ப வரும். இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாமோ, இருந்ததோ?"

"அதை இனி ஒருத்தராலும் சொல்லேலாது, பிள்ளை. அவனிலை ஆரும் துண்டு எடுக்கேல்லை. பாக்காமல் நான் சொல்லமாட்டன்."

அவர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கும் அது சுகமாக இருந்திருக்கும். மாந்தம் என்று சொன்னவர்கள் எல்லோரும் பார்க்காமல்தான் சொன்னார்கள். இவர் சொல்லவில்லை. அந்த மனிதரில் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அவர் போன பிறகு வாட்டைச் சுற்றிப் பார்த்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. லிங்கநகர்ப் பெண் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னவென்று போய்ச் சொல்வது? என் பிள்ளைக்கு நரம்பு இல்லையாம், நல்ல செய்தி என்றா? குழாயை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

வாசல் வைத்தார்கள். வயிற்றின் இடப்பக்கம், சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்னப் பூ மாதிரி. முதல் நாள் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மிஸி கத்தினார்.

"ஓடி வாரும்! வருகுது!"

ஓடினேன். மஞ்சளாக, அடக்கமாக வந்துகொண்டிருந்தது. சீறவில்லை. ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை. வயிறு மெல்ல மெல்லப் பதிந்தது. அவன் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தான்.

"இப்ப கேட்டால் என்ன சொல்லுவீர்? தானாப் போறவனோ?" என்று மிஸி கேட்டார்.

"ஓம்," என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

சூடு மிதித்து முடிந்த பிறகு மனுசன் வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியாது. கட்டிலுக்கு ஓர் எட்டுத் தள்ளி நின்றார். பிள்ளை அவரைப் பார்த்தான். கன்னம் வைத்திருந்தது. நான் துணியை விலக்கி வயிற்றைக் காட்டினேன். அவரின் முகம் கோணியது.

"இது எவ்வளவு காலத்துக்கு?"

"நடக்கிற வயசு மட்டும்."

"பிறகு?"

"பிறகு கொழும்பிலை தைப்பினம்."

அவர் வெளியே போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. சாமான்களைக் கட்டினேன். அன்றைக்கு வீட்டுக்கு விட்டிருந்தார்கள். ஒரு பை, துவாய், பேணி, கட்டுத் துணிகள். தனியே லோஞ்சுக்குப் போகவேண்டி வந்தால் எதை எந்தக் கையில் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பி வந்தார். முகம் கழுவியிருந்தார். பையைத் தூக்கினார்.

லோஞ்சில் நல்ல சனம். நாங்கள் பலகையில் இருந்தோம். குடாவில் பாதி போவதற்குள் வாசல் வேலை செய்யத் தொடங்கியது. நாற்றம் எழும்பியது. பக்கத்தில் இருந்த பெண் சீலையால் மூக்கைப் பொத்தினாள். பிறகு எழும்பி முன்பக்கம் போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் அந்தப் பலகையில் நாங்கள் மட்டும்தான்.

நான் துணியை அவிழ்த்தேன். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துடைக்க அலை விடவில்லை. இரண்டு தரம் சரிந்தேன்.

"தா," என்றார்.

பிள்ளையை வாங்கித் தன் மடியில் கிடத்தினார். அரிவாள் பிடித்துக் காய்த்த கை. வயிற்றைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பிடித்திருந்தார். நான் துடைத்தேன். அவர் உடுத்திருந்த சாரத்தில் பட்டது.

"பட்டிட்டுது," என்றேன்.

"படட்டும்," என்றார். "நீ வடிவாத் துடை."

மூதூர் ஜெற்றி வரும்வரை அவர் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை.